ஒன்றரை அடி

ஒரு பக்கம் போதும் என்றார் கிளப் செயலாளர். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. உங்க வீட்டு மாப்பிள்ளைதானே, உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி, வெள்ளைத்தாள் ஒன்றை மேஜைமேல் என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. பிள்ளைகள் அணிக்குக் கோல்கீப்பிங் சொல்லித்தர ஒரு கோச்சைப் போடப்போகிறார்கள். என் தங்கையின் கணவன் மனு போட்டிருக்கிறான். மனு போட்டவரின் வாழ்க்கைக் குறிப்பை அவரை நன்றாக அறிந்த ஒருவர் எழுதித் தரவேண்டும் என்பது கிளப் விதி. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிளப்பை முதல் டிவிஷனிலிருந்து கீழே தள்ளியவன் என்று, அவன் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெரியவர்கள் கமிட்டியில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் இந்த நாலு வார்த்தை.

முதலில் 'அவர்' என்று போட்டு இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். கை கூசியது. முப்பது வருஷமாக மனசுக்குள் 'அவன்' என்றே புழங்கிவிட்டவனைத் தாளில் மட்டும் 'அவர்' ஆக்க எனக்கு வராது. நேரில் 'மாப்ள' என்று கூப்பிடுவேன். அதுவும் தங்கை முகத்துக்காக.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. பத்தொன்பது வயதில் ஒரே நாளில், ஒரே கோலில் நின்று இந்தக் கிளப்பின் தேர்வுக்கு ஆடினோம். ஆளுக்கு ஆறு பந்து. எனக்கு வந்த ஆறும் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ நேராக வந்தன. பிடித்துக் கீழே வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். அடுத்து அவன் நின்றான். ஆறு பந்துக்கும் ஆறு தடவை பறந்தான். ஒரு தடவை கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டான். எழுந்ததும் முதல் வேலையாகத் தலைமுடியைச் சரிசெய்தான். வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். "அந்தப் பறக்குற பையனை எடுத்துக்கோங்க" என்றார் கோச். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனும் இருக்கட்டும்" என்றார். பதினொரு வருஷம் இருந்தேன், பெஞ்சில்.

பந்தை உதைக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒன்று சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பர் சரியான இடத்தில் நின்றால் அவனுக்குப் பாதி வேலை இல்லை. பந்து எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டு, இரண்டு கம்பங்களுக்கும் தனக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சமமாகப் பிரித்து நின்றுகொண்டால், பந்து தானாக வந்து அவன் மடியில் விழும். இடம் தவறி நிற்கிறவன்தான் பறக்கவேண்டும். அவன் பறந்தான், பறந்தான், பதினொரு வருஷமும் பறந்தான். ஒரு நாளாவது தானாகச் சரியான இடத்தில் நிற்கத் தெரிந்திருந்தால் பறந்திருக்கவே வேண்டாம். இது மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மற்றவர்கள் டிக்கெட் எடுத்துவந்து கைதட்டினார்கள்.

பத்திரிகைக்காரர்கள் அவனுக்குப் 'பருந்து' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவன் தரையில் நடப்பதையே குறைத்துக்கொண்டான். கையுறைப் பைக்குள் ஒரு சீப்பு வைத்திருப்பான். பையைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, பந்து மறுபக்கம் போனதும் குனிந்து ஒரு வாரு வாரிக்கொள்வான். போட்டோக்காரர் எந்தக் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது ரெஃப்ரி பெயரைவிட அவனுக்கு முக்கியம். அந்தப் பக்கம் வருகிற பந்து காலால் தடுக்கிற பந்தாக இருந்தாலும் நீளமாகப் படுத்து, விரல் நுனியால் தட்டி, இரண்டு உருளு உருண்டு எழுந்திருப்பான். மறுநாள் பேப்பரில் அரைப்பக்கம் வரும். அவன் வாங்குவது ஆறு பேப்பர்.

அவனை என் வீட்டுக்குள் கூட்டிவந்த புண்ணியம் என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு பக்கம் என்பதால் ஒதுங்க அழைத்துவந்தேன். ஒதுங்க வந்தவன் ஒட்டிக்கொண்டான். அப்பா அவனுக்கு முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போன மாதம் பிடித்த பந்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். தங்கை காபி கொண்டுவந்து வைத்தவள், நின்ற இடத்தில் நின்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் நானும் ஒரு கோல்கீப்பர் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எட்டு மாதத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு அப்பா என்னிடம், "நீயும் மாப்பிள்ளைகூடச் சேர்ந்து கொஞ்சம் குதிச்சுப் பழகேன்டா" என்று உண்மையான அக்கறையோடு சொல்வார்.

வீட்டிலும் அவன் கோல்கீப்பர்தான். மேஜையிலிருந்து ஒரு கோப்பை நழுவியது என்றால் குறுக்கே பாய்வான். ஒரு தடவை பாய்ந்த வேகத்தில் கோப்பையைப் பிடித்துவிட்டான், மேஜைக்காலை உடைத்துவிட்டான். கோப்பையைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா மச்சான், ஒரு கீறல் இல்ல" என்றான். புது மேஜை வாங்கும்வரை இரண்டு மாதம் நாற்காலியில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். தங்கை அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம், ஒரு சாதாரண மேட்ச்சில் கேவலமான ஒரு கோல் விட்டான். அவன் நின்ற இடத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். அன்றைக்கு உடை மாற்றும் அறையில் எல்லோரும் போனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சீப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"மச்சான், யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு நடு தெரிய மாட்டேங்குது."

"என்ன நடு?"

"கோலுக்கு நடு. முதுகுப்பக்கம்தானே இருக்கு. திரும்பித் திரும்பிப் பாத்தா பந்து போயிடுது. உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். சிலருக்கு ருசி தெரிவது மாதிரி. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை ஒளிக்கமாட்டேன். ஊரே தலையில் வைத்து ஆடுகிற பருந்துக்கு, தன் கூடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கேட்க என்னிடம் வந்திருக்கிறான்.

அடுத்த மேட்ச்சிலிருந்து நான் அவனுக்குக் கோடு கிழித்தேன். கோலின் அகலம் இருபத்துநாலு அடி. என் பூட்ஸ் சரியாக ஒரு அடி. மேட்ச்சுக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இறங்கும்போது, கம்பத்தில் குதிகாலை ஒட்டி வைத்து, பூட்ஸுக்கு முன்னால் பூட்ஸ் ஒட்டி வைத்துப் பன்னிரண்டு எண்ணுவேன். அதுதான் நடு. அங்கிருந்து நேராக ஆறு தப்படி முன்னால் வந்து, பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தேய்ப்பதுபோலக் குதிகாலால் தரையில் ஒரு முழத்துக்குக் கோடு. ரெஃப்ரி பார்த்தால் மஞ்சள் அட்டை. அதனால்தான் மண்ணைத் தேய்க்கிற பாவனை. ஹாஃப் டைமில் அணிகள் பக்கம் மாறும். அவர்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில், ரிசர்வ் ஆட்டக்காரர்கள் நாங்கள் சும்மா பந்து தட்ட இறங்குவோம். அப்போது மறுபக்கக் கோலிலும் ஒரு பன்னிரண்டு, ஒரு கோடு.

அவன் வருவான். இடது கம்பத்தைத் தொடுவான், வலது கம்பத்தைத் தொடுவான், கூட்டத்துக்குக் கையைத் தூக்குவான். பிறகு குனிந்து என் கோட்டைத் தேடி, அதன்மேல் நிற்பான். வீட்டில் தங்கை கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். மைதானத்தில் நான் கிழித்த கோடு. ஒன்பது வருஷம் அவன் வாங்கிய கைதட்டல் எல்லாம் என் குதிகாலில் தொடங்கியது. ஒரு பேட்டியிலாவது சொன்னானா? "எல்லாம் கடவுள் குடுத்த கை" என்பான். கை கடவுள் கொடுத்ததாக இருக்கட்டும். கால் வைத்த இடம் நான் கொடுத்தது.

இனி அந்தக் கோலுக்கு வருகிறேன். கமிட்டிப் பெரியவர்கள் எப்படியும் அதைத்தான் தேடுவார்கள்.

சீசனின் கடைசி மேட்ச். சமன் செய்தால் முதல் டிவிஷனில் இருப்போம். தோற்றால் கீழே. புதன்கிழமை பயிற்சியில் அவன் வலது கைச் சுண்டுவிரல் உடைந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர் நாலு வாரம் என்றார். கோச் என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை நீதான்" என்றார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. முதல் டிவிஷனில் ஒரு நிமிஷம்கூட ஆடாதவன் நான். அப்பா சனிக்கிழமையே முடி வெட்டிக்கொண்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு மணி மேட்ச்சுக்குப் பன்னிரண்டரைக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒன்றாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டேன். மஞ்சள் சட்டை. எனக்குத் தோளில் கொஞ்சம் பிடித்தது, பரவாயில்லை. பூட்ஸ் நாடாவை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். வெளியே மழை. அறை முழுக்கத் தைல வாசனை.

கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். மாவுக்கட்டைக் காணோம். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துவிட்டு, சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தான். கோச்சிடம் கையைக் காட்டி, "நான் ஆடுறேன்" என்றான்.

கோச் என்னை ஒரு தடவை பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. "சட்டையைக் கழட்டிக் குடுப்பா."

கழற்றினேன். காலர் காதில் மாட்டிக்கொண்டது. சட்டை முகத்தை மூடியபடி, கைகள் மேலே தூக்கியபடி, அத்தனை பேருக்கும் நடுவில் நான் நின்றேன். அவன்தான் வந்து இழுத்துவிட்டான். "தப்பா எடுத்துக்காத மச்சான். இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்றான். என் உடம்புச் சூட்டோடு அந்தச் சட்டை அவன் மேல் ஏறியது. போட்டோக்காரர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். உடைந்த விரலோடு ஆடும் பருந்து. அதை எப்படி விட்டுக்கொடுப்பான்?

நான் போய் மண்ணைத் தேய்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே அப்பா. எண் பன்னிரண்டு போட்ட என் சட்டையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் பார்த்தார்.

முதல் பாதியில் ஏழு பந்து பிடித்தான். அதில் இரண்டை நான் பிடித்திருக்கமாட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஹாஃப் டைம் விசில் அடித்தபோது கோல் இல்லை. எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள். நான் மறுபக்கக் கோலுக்குப் போனேன். மழையில் சுண்ணாம்புக் கோடுகளும் பெனால்டிப் புள்ளியும் கரைந்து சேறாகியிருந்தன. என் வேலையைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எண்பத்துமூன்றாவது நிமிஷம். அவனுக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு ஆள் உதைத்தான். உதை என்று சொல்வதுகூட அதிகம். தரையோடு உருண்டுவந்த பந்து. இடது கம்பத்தை ஒட்டிப் போயிற்று. சரியான இடத்தில் நின்றிருந்தால் ஒரு காலை நீட்டினாலே போதும். அவன் பறந்தான். நீளமாக, அழகாக, எல்லா போட்டோவிலும் விழுகிற மாதிரி பறந்தான். விரலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண். பந்து உள்ளே போய் வலையைத் தொட்டு நின்றது.

மேட்ச் முடிந்து போட்டோக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். விரலைப் பற்றிக் கேட்டார்கள். மழையைப் பற்றிக் கேட்டார்கள். அவன் சீப்பைத் தேடவில்லை. "நான் தப்பா நின்னுட்டேன்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா, "விரல் ஒடிஞ்சும் ஆடுனாரே மாப்பிள்ளை. அதுக்கு ஒரு மனசு வேணும்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பருந்து மறுநாளே 'ஓட்டைக் கை' ஆயிற்று. போட்டோவில் வர ஆசைப்பட்டுக் கிளப்பைக் குழியில் தள்ளினான் என்று எழுதினார்கள். எழுதியவர்கள் அவனுக்குப் பருந்து என்று பெயர் வைத்த அதே ஆட்கள். வீட்டுச் சுவரில் கரியால் ஒரு பெரிய வட்டம் போட்டு, 'இதிலும் ஓட்டை' என்று யாரோ எழுதினார்கள். தங்கை வாளியும் துணியுமாக வெளியே வந்து துடைத்தாள். அடுத்த வாரம் எழுதினார்கள். அடுத்த வாரமும் துடைத்தாள். கிளப் அவனை விட்டுவிட்டது. வேறு கிளப் தொடவில்லை. முப்பது வயதில் அவன் ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு அவன் பார்த்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பு வரும். விளையாட்டுச் சாமான் கடையில் நின்றான். வாங்க வருகிறவனுக்குப் பாய்ந்து காட்டி, அலமாரிக் கண்ணாடியை உடைத்தான். பஸ் கம்பெனியில் டிக்கெட் சரிபார்த்தான். பழைய ரசிகன் ஒருவன் டிக்கெட்டை அவன் கைக்குப் பக்கத்தில் நழுவவிட்டு, "பிடிங்க பாப்போம்" என்றான். கடைசியாக ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டு நின்றான். இரண்டு கம்பத்துக்கு நடு எது என்று தெரியாதவனைப் பிடித்து, இரண்டு தூணுக்கு நடுவில் வண்டியை விடச் சொன்னார்கள். "வரலாம் வரலாம்" என்று சொல்லிச் சொல்லியே போன மாதம் புதுக் கார் ஒன்றைத் தூணில் ஏற்றினான். விசிலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

என்னைக் கிளப் விடவில்லை. ஆடத் தேவையில்லாதவனை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. மைதானப் பராமரிப்பு. சனிக்கிழமைதோறும் கயிறு பிடித்து, டேப் வைத்து, சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போடுகிறேன். இருபது வருஷத்தில் ஒரு விரல்கூடக் கோணியதில்லை. செயலாளர் விருந்தாளிகளுக்குக் காட்டுவார்: "எங்க ஆள் கண்ணளவுலயே போடுவாரு."

இவ்வளவும் எழுத ஒரு பக்கம் போதாது என்பது உண்மை. ஆனால் எழுதவேண்டியதை நான் முடிவு செய்துதான் வைத்திருந்தேன். மழை, சேறு, உடைந்த விரல், இடம் தவறி நின்றது, வயதின் அனுபவம், பிள்ளைகளிடம் பிரியம். நாலு வார்த்தை, நாலும் பூசி மெழுகியது. தேதிகளைச் சரிபார்க்க மட்டும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனேன்.

தங்கை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நல்லா எழுதிடு. இந்த வேலையும் போச்சுன்னா அவரு எழுந்திருக்கவே மாட்டாரு. ஒரு மாசமா அந்த நாற்காலிய விட்டு அசையல. நேத்து நான் வேணும்னே ஒரு கோப்பையத் தட்டி விட்டேன்."

"பிடிச்சானா?"

"பாத்துட்டு சும்மா இருந்தாரு."

உள்ளே அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தலையில் வாருவதற்கு அதிகம் இல்லை. மடியில் பழைய கையுறைகள், துவைத்துக் காயவைத்தவை. விரல்கள் எல்லாம் ஒவ்வொரு திசையில் வளைந்திருந்தன. சுண்டுவிரல் கடைசிவரை நேராகவில்லை. தேதிகளைக் கேட்டேன், சொன்னான். மேட்ச் எண்ணிக்கை கேட்டேன், பேப்பர் வெட்டுகள் ஒட்டிய ஆல்பத்தை எடுக்காமலேயே சொன்னான். தங்கை கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனாள்.

"அந்த கோலைப் பத்தி என்ன எழுதட்டும் மாப்ள?"

"தப்பா நின்னேன்னு எழுது. மழை, விரலுன்னு சப்பக்கட்டு கட்டாத. அதெல்லாம் அவங்க நம்ப மாட்டாங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இருபது வருஷமாக மெல்லுகிற அவல் அது. "அதான் எப்படி மாப்ள? முதல் பாதியெல்லாம் ஒழுங்கா நின்னியே" என்றேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன்.

அவன் பின்கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கோடு தள்ளி இருந்துச்சு மச்சான்."

தேதிகளைக் குறித்த தாளை மடித்தேன்.

"ரெண்டாவது பாதிக்கு வந்து கம்பத்தத் தொட்டுட்டுத் திரும்புறேன், கோடு வலது பக்கமா தள்ளி இருக்கு. எனக்கே தெரிஞ்சுது. எனக்கே தெரியுதுன்னா எவ்வளவு தள்ளி இருந்திருக்கும்னு பாத்துக்கோ." சிரித்தான். "ஆனா என் கண்ண நான் எப்படி நம்புறது? ஒம்பது வருஷத்துல நீ ஒரு நாள் தப்பாக் கிழிச்சதில்ல. என் கண்ணு ஒரு நாள் சரியாப் பாத்ததில்ல. அதனால உன் கோட்டுலயே நின்னேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மழை. சேறு. உனக்குக் கால் வழுக்கியிருக்கும், எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும். சொன்னா உன்னையும் வெளிய அனுப்பிருப்பாங்க. நான் எப்படியோ போயிட்டேன். நீயாவது மைதானத்துல இருக்கியே." கையுறையை மடித்து மடியில் வைத்தான். "உன் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. நீயும் மனசுல வெச்சுக்காத. வழுக்குறது யாருக்கும் நடக்கிறதுதானே."

தங்கை துணிகளோடு உள்ளே வந்தாள். நான் காபி வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மைதானத்துக்கு வந்து சுண்ணாம்பு அறையில் உட்கார்ந்து, முதலில் முடிவு செய்திருந்த அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். படித்துப் பார்த்தேன். எனக்கு என்மேலேயே காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, செயலாளரிடம் இன்னும் தாள் வாங்கி இதை எழுதினேன்.

கமிட்டியாருக்கு: அவன் ஜம்பக்காரன். சீப்பு வைத்திருந்தான். நடு எது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பறக்கத்தான் சொல்லித்தருவான். நிற்கச் சொல்லித்தர வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை அவனுக்குக் கொடுங்கள். முதல் டிவிஷனை நீங்கள் இழந்தது அவனால் அல்ல. தப்பாக நின்றேன் என்று பழியை ஏற்றுச் சொன்னது அவன், உண்மையைச் சொல்லவேண்டியது நான்.

அன்றைக்கு ஹாஃப் டைமில் மறுபக்கக் கோலில், கம்பத்தில் குதிகாலை ஒட்டி வைத்துப் பன்னிரண்டு எண்ணினேன். எண்ணி நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன், அப்பா இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னும் ஒன்றரை எண்ணி, அங்கே கிழித்தேன்.

எனக்குக் கால் வழுக்கவில்லை.